உணவா, கூண்டா? எலிகளில் குடல் நுண்ணுயிர்ச் சோதனையைச் சரியாக நடத்தும் முறை

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் என்று எங்கே போனாலும், சர்க்கரை மாத்திரை சாப்பிடும் ஒருவராவது இல்லாத தமிழ் வீட்டைப் பார்ப்பது அரிது. அதனால் இங்கே உயிரியலும் மருத்துவ அறிவியலும் படிக்கும் பிள்ளைகள் ஆய்வுப் பட்டத்துக்கு வரும்போது சாப்பாடு, குடல் நுண்ணுயிரி, நீரிழிவு மூன்றையும் சேர்த்துத் தலைப்பு எடுப்பது இயல்பு. தேவையான தலைப்பும்கூட. ஆனால் இந்த வகைச் சோதனைகளில் பல, முதல் வாரம் கூண்டு அடுக்கும்போதே கெட்டுவிடுகின்றன. ஆறு மாதம் கழித்துப் புள்ளியியல் செய்யும்போதுதான் அது தெரியவருகிறது. அதற்குள் விலங்குகளின் உயிரும் போயிருக்கும், பணமும் போயிருக்கும். தொடங்குவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை கீழே உள்ளன.

இந்தத் துறை எதன்மேல் நிற்கிறது என்று முதலில் பார்ப்போம். 2004இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், நுண்ணுயிரியே இல்லாமல் வளர்த்த சுண்டெலிகளுக்குச் சாதாரணச் சுண்டெலிகளின் குடல் நுண்ணுயிரிகளைக் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் உடல் கொழுப்பு ஏறத்தாழ 60% கூடியது. அவை முன்பைவிடக் குறைவாகத் தின்றும் இப்படி ஆனது. 2013இல் அதே குழு, ஒருவர் பருமனாகவும் மற்றவர் ஒல்லியாகவும் இருந்த இரட்டையரின் மலத்தைச் சுண்டெலிகளுக்கு மாற்றியது. பருமனானவரின் நுண்ணுயிரி பெற்றவை கொழுத்தன. இரு வகையையும் ஒரே கூண்டில் விட்டபோது ஒல்லியானவரின் நுண்ணுயிரிகள் மற்றதில் குடியேறிக் கொழுப்பைத் தடுத்தன. ஆனால் நார் மிகுந்து கொழுப்பு குறைந்த தீனி கொடுத்தபோதுதான் அது நடந்தது. உணவு சரியில்லாதபோது நல்ல நுண்ணுயிரி வந்தும் ஒட்டவில்லை.

மறுபக்கமும் உண்டு. 2020இல் வந்த ஒரு மதிப்பாய்வு, மனித நுண்ணுயிரிகளை எலிகளுக்கு மாற்றிய 38 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தது. அவற்றில் 36 ஆய்வுகள் நோய்த்தன்மையும் சேர்ந்து மாறியதாகச் சொல்லியிருந்தன. இத்தனை வெற்றி இயற்கையில் நடக்கக்கூடியதல்ல. அளவுக்கு மீறி நன்றாக வரும் முடிவைச் சந்தேகிக்கப் பழகுங்கள்.

கேள்வியும் அனுமதியும்

‘நுண்ணுயிரிகள் எடையைப் பாதிக்கின்றனவா’ என்ற கேள்வி ஒரு சோதனைக்குள் அடங்காது. ‘கொழுப்பு மிகுந்த தீனியில் உள்ள செல்லுலோஸுக்குப் பதிலாக அவித்த ஷுகர் பீன்ஸின் நார் வந்தால், 12 வாரத்தில் குளுக்கோஸ் தாங்கும் திறன் மாறுகிறதா’ என்பது அடங்கும். நம் வீடுகளில் வாரந்தோறும் வேகும் பயறு என்பதால் இந்தக் கட்டுரை முழுவதும் அதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறோம்.

விலங்குகளை வாங்குமுன் மூன்று தாள்கள் கையில் இருக்க வேண்டும். ஒன்று, பல்கலைக்கழக விலங்கு ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி, அது எஸ்.ஏ.என்.எஸ். 10386 என்ற தென்னாப்பிரிக்கத் தேசியத் தரநிலையின்படி பார்க்கப்படும். இரண்டாவது, 1984ஆம் ஆண்டின் விலங்கு நோய்ச் சட்டம் 20ஆம் பிரிவின்கீழ் வேளாண் துறையிடம் பெறும் அனுமதி. மூன்றாவது, கால்நடை மருத்துவர் அல்லாத ஒருவர் ஊசி போடவும் குழாய்வழி ஊட்டவும் தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவ மன்றம் தரும் அங்கீகாரம். மூன்றுக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பியுங்கள். ஒன்று முடிந்தபின் அடுத்தது என்று போனால் பட்டத்தின் முதல் ஆண்டு அதிலேயே கரைந்துவிடும்.

கூண்டுதான் அலகு

எலியும் சுண்டெலியும் புழுக்கை தின்னும். ஒரு கூண்டில் இருக்கும் ஐந்தும் ஒன்றின் புழுக்கையை மற்றொன்று தின்று, சில வாரத்தில் ஏறத்தாழ ஒரே நுண்ணுயிர்க் கூட்டத்தைப் பகிர்ந்துகொள்ளும். ஆகவே ஐந்து சுண்டெலி என்பது ஐந்து தனித்தனிச் சான்றுகள் ஆகாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கூண்டில் உள்ளவற்றின் ஒற்றுமையை 0.5 என்று வைத்துக்கொள்வோம் (ஒற்றுமையே இல்லையென்றால் 0, முழுக்க ஒன்றுபோல இருந்தால் 1). கூண்டுக்கு 5 வீதம் 4 கூண்டில் 20 சுண்டெலி இருந்தால், வகுக்கும் எண் 1 + (கூண்டுக்கு உள்ள எண்ணிக்கை − 1) × ஒற்றுமை, அதாவது 1 + (5−1) × 0.5 = 3. 20ஐ 3ஆல் வகுத்தால் உங்களிடம் உண்மையில் இருப்பது ஏறத்தாழ 7 விலங்கின் தகவல்தான். அதே 20ஐக் கூண்டுக்கு 2 வீதம் 10 கூண்டில் வைத்தால் வகுக்கும் எண் 1.5 ஆகிறது, தகவல் 13 விலங்குக்கு நிகராகிறது. விலங்குச் செலவு ஒன்றே. கூண்டுச் செலவு மட்டும் கூடும். ஒரு தீனிக்கு 8 கூண்டு, கூண்டுக்கு 2 என்பது நல்ல தொடக்கம். ஒரு தீனிக்கு இரண்டே கூண்டு வைத்து வரும் ஆய்வை நம்பவே வேண்டாம். அதில் தீனியின் வேறுபாட்டையும் கூண்டின் வேறுபாட்டையும் பிரித்தறிவது மிகக் கடினம்.

கூண்டுகளைத் தொடக்கத்தில் சமப்படுத்த வேண்டும். பால் மறந்த குட்டிகள் வந்ததும் அனைத்துக்கும் ஒரே தீனி கொடுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை எல்லாக் கூண்டுகளின் அழுக்குப் படுக்கைத் தூளையும் ஒரு சுத்தமான பையில் கலந்து கூண்டுக்கு ஒரு கைப்பிடி போடுங்கள். இதை இரண்டு வாரம் செய்யுங்கள். பருவம் வந்த ஆண் சுண்டெலிகளைக் கூண்டு மாற்றிக் கலக்கக் கூடாது, கடித்துக் குதறிக்கொள்ளும். அதனால்தான் விலங்கை விட்டுவிட்டுப் படுக்கையை மாற்றுகிறோம். ஓர் ஈற்றுக் குட்டிகள் எல்லாம் ஒரே தீனிக்குப் போய்விடாமல் பிரியுங்கள். தாயிடமிருந்து வந்த நுண்ணுயிரி ஈற்றுக்கு ஈற்று வேறுபடும். பிறகு எடையைப் பார்த்துக் கூண்டுகளை அடுக்கி, எந்தக் கூண்டுக்கு எந்தத் தீனி என்பதைச் சீட்டுக் குலுக்கியோ கணினி வழியோ முடிவு செய்யுங்கள். தீனி மாற்றும் நாளன்று முதல் புழுக்கை மாதிரியை எடுத்து வைப்பது கட்டாயம். அது இல்லாமல் பின்னால் எந்த மாற்றத்தையும் மாற்றம் என்று சொல்ல முடியாது.

விலங்கு வகையையும் எழுதி வையுங்கள். சி57பிஎல்/6ஜே, சி57பிஎல்/6என் என்ற ஆய்வகச் சுண்டெலி வகைகள் இரண்டும் பெயரளவில் அண்ணன் தம்பி. ஆனால் ‘ஜே’ வகையில் என்என்டி என்ற மரபணு பழுதுபட்டிருக்கிறது, அது இன்சுலின் சுரப்பைத் தொடும். வெவ்வேறு விற்பனையாளரிடமிருந்து வந்த ஒரே வகையின் குடல் நுண்ணுயிரிகள்கூட வேறுபடும். பாதி வழியில் விற்பனையாளரை மாற்றினால் அது வேறு சோதனை.

தீனி: அதிகம் தவறு நடக்கும் இடம்

கொழுப்பு மிகுந்த தீனியை ஒரு குழுவுக்கும், சாதாரணக் கட்டித் தீனியை மற்றொரு குழுவுக்கும் கொடுத்து ‘கொழுப்பின் விளைவு’ என்று எழுதிய கட்டுரைகள் ஏராளம். இது சரியான ஒப்பீடே அல்ல. சாதாரணக் கட்டித் தீனி சோளம், கோதுமைத் தவிடு, சோயா போன்றவற்றால் ஆனது. நுண்ணுயிரி நொதிக்கக்கூடிய நார் அதில் நிறைய உண்டு. கொழுப்புத் தீனியோ சுத்திகரித்த கேசீன், ஸ்டார்ச், பன்றிக்கொழுப்பால் ஆனது. அதில் உள்ள ஒரே நார் செல்லுலோஸ், அதைச் சுண்டெலியின் நுண்ணுயிரிகளால் பெரிதாகப் பயன்படுத்த முடியாது. பெருங்குடல் சுருங்குவதும், நுண்ணுயிரி வகைகள் குறைவதும் பெருமளவு இந்த நார்ப் பஞ்சத்தால் வருபவை. சுத்திகரித்த தீனி கொழுப்பு குறைவாக இருந்தாலும் நுண்ணுயிர்க் கூட்டம் மாறுகிறது என்று 2017இல் காட்டப்பட்டிருக்கிறது.

ஆகவே ஒப்பீட்டுத் தீனியும் சுத்திகரித்ததாகவே இருக்கட்டும். விலைக்கு வாங்குவதானால், ஆற்றலில் 60% கொழுப்பிலிருந்து வரும் டி12492 என்ற விற்பனைத் தீனிக்கு இணை, 10% கொழுப்புள்ள டி12450ஜே. இரண்டிலும் சீனி அளவு ஒன்றே. பழைய டி12450பியில் சீனி மிக அதிகம், அதை இணையாக வைக்காதீர்கள். தின்ற அளவைக் கிராமில் ஒப்பிடுவதும் தவறு. முதலாவதில் கிராமுக்கு 5.24 கிலோகலோரி, இரண்டாவதில் 3.85. ஒரு சுண்டெலி 2.5 கிராம் கொழுப்புத் தீனி தின்றாலும், 3.5 கிராம் இணைத் தீனி தின்றாலும் ஏறத்தாழ 13 கிலோகலோரிதான்.

வாங்கும் அளவு: ஒரு சுண்டெலிக்கு நாளுக்கு 3 கிராம், 12 வாரத்துக்கு 252 கிராம். சிந்துவது, வீசுவது எல்லாம் சேர்த்து 330 கிராம் என்று வையுங்கள். 16 விலங்குள்ள குழுவுக்கு 5.3 கிலோ; 6 கிலோவாக, ஒரே தொகுப்பு எண்ணில் வாங்குங்கள். கதிர்வீச்சால் கிருமி நீக்கியதே நல்லது, ஆட்டோகிளேவில் (உயர் அழுத்த நீராவிக் கலனில்) வெந்தால் சில வைட்டமின்கள் அழியும். டர்பன் கோடையின் வெப்பத்திலும் ஈரத்திலும் பன்றிக்கொழுப்பு சீக்கிரம் சிக்கடிக்கும். −20 டிகிரியில் சிறு சிறு பொதியாக வைத்து, வாரம் இரண்டு முறை கூண்டில் மாற்றுங்கள். சிக்கடித்த தீனியை விலங்கு குறைவாகத் தின்னும், அதை நீங்கள் ‘பசியைக் குறைக்கும் நார்’ என்று தவறாகப் படித்துவிடலாம்.

இனி பீன்ஸ். ஷுகர் பீன்ஸ், சிவப்பு ராஜ்மாவின் அதே இனம். வேகவைக்காத ஷுகர் பீன்ஸில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. பச்சையாக அரைத்துத் தீனியில் கலந்தால் எலியின் எடை நிச்சயம் குறையும். அது மருந்து வேலை செய்ததால் அல்ல. குடல் சுவரைப் புரதம் பிடித்துக்கொள்கிறது, செரிமானம் கெடுகிறது, ஈ. கோலை பெருகுகிறது. ‘பயறு மாவு பருமனைத் தடுத்தது’ என்ற கட்டுரையில் பயறை எப்படிச் சமைத்தார்கள் என்று இல்லையென்றால் அந்த முடிவைத் தள்ளி வையுங்கள். செய்யும் முறை இது: இரவு முழுக்க ஊறவைத்து அந்த நீரைக் கொட்டுங்கள். புது நீரில் தளதளவென்று கொதிக்கும் நிலையில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல், மெத்தென்று ஆகும்வரை அவியுங்கள். குறைந்த சூட்டில் மெதுவாக வேகவைக்கும் பாத்திரம் உதவாது, அந்தச் சூட்டில் நச்சு அழிவதில்லை. வெந்ததை 4 டிகிரியில் ஓர் இரவு ஆறவிட்டால் செரிமானமாகாத ஸ்டார்ச் கூடும். அது நுண்ணுயிரிக்கு நல்ல தீனி, ஆனால் எல்லாத் தொகுப்பையும் ஒரே நேரம் ஆறவிட வேண்டும். பிறகு 60 டிகிரியில் உலர்த்தி, அரைத்து, சல்லடையில் சலித்து, புரதம், நார், ஸ்டார்ச், ஈரம் எவ்வளவு என்று ஆய்வகத்தில் அளந்துகொள்ளுங்கள்.

அடிப்படையாக, ஆய்வக எலிகளுக்கான நிலையான தீனிச் சூத்திரமான ஏஐஎன்-93ஜியை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோவில் சோள ஸ்டார்ச் 397.5 கிராம், கேசீன் 200, டெக்ஸ்ட்ரினாக்கிய சோள ஸ்டார்ச் 132, சீனி 100, சோயா எண்ணெய் 70, செல்லுலோஸ் 50, கனிமக் கலவை 35, வைட்டமின் கலவை 10, சிஸ்டீன் இரட்டையான எல்-சிஸ்டைன் 3, கோலின் பைடார்ட்ரேட் 2.5. இதில் 200 கிராம் பயறு மாவு சேர்க்கிறீர்கள் என்று வைப்போம். உங்கள் அளவீட்டில் புரதம் 22%, நார் 20%, ஸ்டார்ச் 40% வந்தால், மாவோடு 44 கிராம் புரதமும் 40 கிராம் நாரும் 80 கிராம் ஸ்டார்ச்சும் உள்ளே வருகின்றன. கேசீனிலும் சோள ஸ்டார்ச்சிலும் கொஞ்சம் ஈரம் இருப்பதால் அவற்றைச் சற்றுக் கூடுதலாகக் கழிக்க வேண்டும். எனவே கேசீனில் 50 கிராமும், செல்லுலோஸில் 40 கிராமும், சோள ஸ்டார்ச்சில் 90 கிராமும் குறைக்க வேண்டும். மிச்சம் 20 கிராம் மாவின் ஈரம், கனிமம், கொழுப்பு போன்றவை. அதையும் கணக்கில் எழுதுங்கள். அப்படியே மேலே கொட்டிக் கலந்தால் புரதமும் வைட்டமினும் நீர்த்துப்போய், நீங்கள் சோதிப்பது பயறா பற்றாக்குறையா என்று தெரியாது. கொழுப்புத் தீனிக்கும் இதே கழித்தல்தான். பயறுத் தீனியை நீர் விட்டுப் பிசைந்து உருட்டினால், ஒப்பீட்டுத் தீனியையும் அதேபோலப் பிசைந்து, உருட்டி, உறையவையுங்கள். கொழுப்புத் தீனியைச் சூட்டில் உலர்த்தாதீர்கள், கொழுப்பு உருகி வழிந்துவிடும்.

ஃபிரக்டோஸ் எலி

குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலிருந்து 2012இல் வெளிவந்த முறை டர்பனில் பலருக்குப் பழக்கம்: எலிகளுக்கு இரண்டு வாரம் குடிநீரில் 10% ஃபிரக்டோஸ், பின், இன்சுலின் சுரக்கும் கணையச் செல்களை அழிக்கும் ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்து கிலோவுக்கு 40 மில்லிகிராம் ஒரே ஊசி. மலிவானது, விரைவானது. நுண்ணுயிர்ச் சோதனைக்குப் பயன்படுத்தினால் சில கவனங்கள் வேண்டும். ஃபிரக்டோஸ் நீர் இங்கே வெயிலில் ஓரிரு நாளில் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். தினமும் மாற்றுங்கள், குழாய் முனையையும் கழுவுங்கள். இல்லையென்றால் நீங்கள் கொடுப்பது சீனியும் ஈஸ்ட்டும். ஸ்ட்ரெப்டோசோடோசினைப் பிஹெச் 4.5 உள்ள குளிர்ந்த சிட்ரேட் கரைசலில், வெளிச்சம் படாமல் கரைத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் செலுத்துங்கள். நேரம் போனால் வீரியம் போய்விடும். பாதி எலிக்குச் சர்க்கரை ஏறும், பாதிக்கு ஏறாது. அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது, கையுறையும் ஆவி உறிஞ்சும் பெட்டியும் (fume hood) கட்டாயம். அழியும் செல்களிலிருந்து இன்சுலின் ஒரேயடியாகக் கொட்டும் என்பதால் முதல் 24 மணி நேரம் 5% குளுக்கோஸ் நீர் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் இரவோடிரவாக எலிகள் சாகக்கூடும். உயர்ந்த சர்க்கரையே குடல் நுண்ணுயிரிகளை மாற்றும். ஆகவே ஊசிக்கு முன் ஒரு மாதிரி, பின் ஒரு மாதிரி. நுண்ணுயிரி மாறியதால் நோயா, நோயால் நுண்ணுயிரி மாறியதா என்பதை இந்த முறை தனியாகச் சொல்லாது.

அன்றாடப் பராமரிப்பு

லோட் ஷெடிங் இந்தச் சோதனையைக் கெடுக்கும் வழி பலருக்கும் கண்ணில் படுவதில்லை. குளிர்சாதனம் நிற்பது தெரியும். ஆனால் சுவரில் இருக்கும் விளக்கு டைமர் மின்வெட்டின்போது நின்று, பிறகு இரண்டு மணி நேரம் பிந்தி ஓடும். நாலைந்து வெட்டுக்குப் பின் விலங்கின் இரவு உங்கள் பகலுக்குள் வந்துவிடும். சுண்டெலி இருட்டில் தின்பது. குடல் நுண்ணுயிரிகளின் அளவும் அந்தத் தாளத்தில் ஏறி இறங்கும். பேட்டரி உள்ள டைமர் வாங்குங்கள், வாரம் ஒருமுறை கைக்கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள்.

கூண்டு மாற்றும்போது குழுவுக்குக் குழு கையுறை மாற்றுங்கள். 70% எத்தனால் பாக்டீரிய வித்துகளைக் கொல்லாது. எடைத்தட்டைக் குளோரின் டையாக்சைடு போன்றவற்றால் துடையுங்கள்.

மாதிரி எடுத்தல்

கூண்டுத் தரையிலிருந்து புழுக்கை பொறுக்காதீர்கள். யாருடையது, எப்போதையது என்று தெரியாது. ஒவ்வொன்றையும் கிருமி நீக்கிய தனிப் பெட்டியில் விட்டால் சில நிமிடத்தில் போடும். தினமும் ஒரே நேரத்தில், காலை 8 முதல் 10க்குள், இரண்டு மூன்று புழுக்கையைக் கிருமி நீக்கிய குச்சியால் எடுத்து, உடனே உலர்பனியிலோ திரவ நைட்ரஜனிலோ போட்டு −80க்கு மாற்றுங்கள். உருகி மறுபடி உறைந்ததைப் பயன்படுத்தாதீர்கள். புழுக்கை இல்லாத வெறும் குழாய்களையும் டிஎன்ஏ பிரிக்கும் வரிசையில் சேர்த்துவிடுங்கள். வேதிப்பொருளிலிருந்தே வரும் பாக்டீரியா டிஎன்ஏ அதில் தெரியும்.

சுத்திகரித்த தீனியில் ஒரு பொறி உண்டு. கேசீன் பாலிலிருந்து வருவதால் செத்த லாக்டோகாக்கஸின் டிஎன்ஏ அதில் ஒட்டியிருக்கும். பாக்டீரியாவை இனங்காண உதவும் 16எஸ் மரபணுவின் வரிசையில் அது பளிச்சென்று தெரிய, ‘கொழுப்புத் தீனி லாக்டோகாக்கஸை வளர்த்தது’ என்று எழுதிவிடுவார்கள். தீனித் துண்டு ஒன்றையும் மாதிரியாக வரிசைப்படுத்திவிட்டால் உண்மை தெரிந்துவிடும். பயறிலிருந்து வரும் குளோரோபிளாஸ்ட், மைட்டோகாண்ட்ரியா வரிசைகளையும் நீக்குங்கள்.

முடிவில் குருட்டுக்குடலை எடை பார்த்து, உள்ளடக்கத்தை மூடியிட்ட குழாயில் உடனே உறையவையுங்கள். நாரை நொதித்து நுண்ணுயிரிகள் தரும் அசிட்டேட், புரோபியோனேட், பியூட்டிரேட் எல்லாம் ஆவியாகக் கூடியவை. திறந்து வைத்த குழாயில் குறைந்துவிடும்.

குளுக்கோஸ் சோதனை

காலையில் ஆறு மணி நேரம் மட்டும் பட்டினி போடுங்கள். இரவு முழுக்கப் போட்டால் சுண்டெலி மெலிந்து, வேறு உடல்நிலைக்குப் போய்விடும். புதிய கூண்டுக்கு மாற்றியே பட்டினி போட வேண்டும், பழைய படுக்கையில் கிடக்கும் தீனித் துகளையும் புழுக்கையையும் தின்னும். 20% குளுக்கோஸ் கரைசலை உடல் எடையின் ஒவ்வொரு கிராமுக்கும் 10 மைக்ரோலிட்டர் வயிற்றறையில் செலுத்தினால் கிலோவுக்கு 2 கிராம் ஆகும். 30 கிராம் சுண்டெலிக்கு 0.3 மில்லிலிட்டர். மிகவும் கொழுத்தவற்றுக்குக் கிலோவுக்கு 1 கிராமே போதும். இல்லையென்றால் அளவுமானி லிட்டருக்கு 33.3 மில்லிமோலைத் தாண்டி ‘ஹை’ என்று மட்டும் காட்டும், அந்த எண் உங்களுக்குக் கிடைக்காது. வால் நுனி இரத்தம் 0, 15, 30, 60, 90, 120 நிமிடங்களில். எடைக்கு ஏற்ற அளவு கொழுத்த விலங்குக்குக் கூடுதல் குளுக்கோஸ் கொடுக்கிறது என்பதை மறக்காதீர்கள். கொழுப்பு குளுக்கோஸை அதிகம் எடுத்துக்கொள்வதில்லை. குழுக்களின் எடை மிக வேறுபட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கொடுப்பது நேர்மையான ஒப்பீடு.

நுண்ணுயிரியை மாற்றிப் பார்ப்பது

தீனி நுண்ணுயிரியையும் மாற்றியது, குளுக்கோஸையும் மாற்றியது என்றால், ஒன்றால் மற்றது ஆனது என்று ஆகாது. அதற்குத்தான் புழுக்கை மாற்றம். 100 மில்லிகிராம் புதுப் புழுக்கையை, ஆக்சிஜன் நீக்கி 0.05% சிஸ்டீன் சேர்த்த 1 மில்லிலிட்டர் உப்புக் கரைசலில் கரைத்து, 70 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் 200 மைக்ரோலிட்டர் குழாய்வழி ஊட்டுங்கள். ஒப்பீட்டுக் குழுவுக்கு அதே கரைசலை ஆட்டோகிளேவ் செய்து கொடுங்கள். பல கொடையாளிகளின் புழுக்கையை ஒன்றாகக் கலக்காதீர்கள். கலந்தால் உங்கள் எண்ணிக்கை ஒன்றே. ஒவ்வொரு கொடையாளிக்கும் தனிக் கூண்டு வையுங்கள்.

நுண்ணுயிரியற்ற விலங்கு வசதி இல்லாதபோது ஆம்பிசிலின், நியோமைசின், மெட்ரோனிடசோல் லிட்டருக்கு 1 கிராம் வீதமும் வான்கோமைசின் 0.5 கிராமும் குடிநீரில் கலந்து முதலில் குடலைக் காலி செய்வார்கள். மெட்ரோனிடசோல் கசப்பால் சுண்டெலிகள் தண்ணீரையே குடிக்காமல் இரண்டே நாளில் மெலியும். தினமும் எடை பாருங்கள், குறைந்தால் அந்த மருந்தைக் குழாய்வழி கொடுங்கள். மருந்து குருட்டுக்குடலைப் பெரிதாக்கும், அந்த எடையைக் கொழுப்பென்று எண்ணிவிடாதீர்கள்.

பகுப்பாய்வு

கைம் 2 (QIIME 2), டாடா2 (DADA2) போன்ற மென்பொருள்களில் டிஎன்ஏ வரிசைகளைச் சுத்தம் செய்தபின், கூண்டைச் சமவாய்ப்புக் காரணியாக வைத்த கலப்புப் புள்ளியியல் மாதிரியில் (mixed model) கணக்கிடுங்கள். நுண்ணுயிர்க் கூட்டங்களின் வேறுபாட்டைச் சோதிக்கும்போது, தீனிக் குழுப் பெயரைத் தனி விலங்குகளுக்கிடையே மாற்றிப் போடாமல் முழுக் கூண்டுகளுக்கிடையேதான் மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். விகிதத் தரவு என்பதால் ஒன்று ஏறினால் மற்றவை இறங்கியதுபோலத் தோன்றும், மடக்கை விகிதமாக மாற்றிக்கொள்ளுங்கள். குடலின் இரு பெரிய பாக்டீரியப் பிரிவுகளான ஃபர்மிக்யூட்ஸ்–பாக்டீராய்டீட்ஸ் விகிதத்தைப் பருமனின் அளவுகோலாக எழுதாதீர்கள். 2016இல் பத்து மனித ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு மிக வலுவற்றதாக இருந்தது.

வரிசைத் தரவைப் பொதுக் களஞ்சியத்தில் இடும்போது ஒவ்வொரு மாதிரிக்கும் விலங்கு எண், கூண்டு எண், ஈற்று எண், பாலினம், தீனித் தொகுப்பு எண், மாதிரி எடுத்த நேரம், டிஎன்ஏ பெட்டித் தொகுப்பு எண், வரிசைத் தட்டு எண் ஆகிய பத்திகள் இருக்கட்டும். கூண்டு எண் இல்லாத தரவை வேறு யாராலும் திரும்பக் கணக்கிட முடியாது.